மடுவமும் கந்தோரும்: இணையச் செயலிகளில் சேவையக நிரலை அழைத்தல் பற்றிச் சில குறிப்புகள்

இணையப் பக்கமொன்றில் இயங்கும் நிரலிலிருந்து, அப்பக்கத்தை அனுப்பிய சேவையகத்தில் உள்ள நிரலொன்றை அழைப்பது எவ்வாறு என்னும் வினா, இணையச் செயலி அமைக்கக் கற்கும் மாணவர் ஏறத்தாழ அனைவரும் ஒருமுறையேனும் எழுப்பும் வினாவாகும். வினா எளியது, அதற்குத் தரப்படும் விடைகளும் எளியனவே. இன்ன கட்டளையை எழுதுக, இன்ன நிரற்றொகுதியைச் சேர்த்துக்கொள்க என இரண்டொரு வரிகளில் விடை முடிந்துவிடும். ஆயின் அவ்விடையைப் பின்பற்றிச் செயலி அமைத்த பின்னர், ஒரே கணக்கு இருமுறை பதிவதும், பதிந்ததாக எண்ணிய கணக்குக் காணாமற் போவதும், திரையில் தோன்றிய தொகை ஒன்றாகவும் ஏட்டில் ஏறிய தொகை வேறொன்றாகவும் இருப்பதும் ஏன் நிகழ்கின்றன என்பதற்கு அவ்வரிகளில் விளக்கம் கிடைப்பதில்லை. அவ்விளக்கத்தை நாடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தகைய கட்டுரைகளில் எடுத்துக்காட்டாக வங்கியையோ விமானச் சீட்டையோ கொள்வது வழக்கம். நாம் அவ்வளவு தொலைவு செல்லவேண்டியதில்லை. இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களையும் உள்ளடக்கிய சப்ரகமுவ மாகாணத்தின் தோட்டங்களில் நாள்தோறும் நடைபெறும் கொழுந்துக் கணக்கும் இறப்பர்ப்பாற் கணக்குமே போதுமானவை. பலாங்கொடை, இறக்குவானைப் பகுதிகளின் தேயிலை மலைகளிலும், எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளின் இறப்பர்த் தோட்டங்களிலும் கணக்கு நடைபெறும் முறைமை, இணையச் செயலியின் அமைப்பை வியக்கத்தக்க அளவுக்கு ஒத்திருப்பதைப் பின்னர்க் காண்போம்.

கொழுந்து கொய்வோர் தாம் கொய்த கொழுந்தை மலையிலிருந்து மடுவத்துக்குக் கொண்டுவருவர். அங்குத் தராசில் நிறுவை நடைபெறும். கணக்கப்பிள்ளை எடையைத் தம் ஏட்டில் குறித்துக்கொள்வார். அவ்வெடை தோட்டக் கந்தோருக்குச் சென்று செக்ரோலில் ஏறும். அன்றைய நாளுக்கு முழுப்பேரா, அரைப்பேரா என்பதும், விதித்த அளவுக்கு மேலான கிலோவுக்கு எவ்வளவு என்பதும் அதனைக்கொண்டே தீர்மானிக்கப்படும். நிறுப்பது ஓரிடம், கணக்கு முடிவது வேறோரிடம். இடையிலுள்ள வழியில் எடை குறையலாம், மறக்கப்படலாம், வேறொருவர் பெயரில் ஏறலாம். தோட்டத் தொழிலாளரின் நெடுநாளைய முறைப்பாடுகளுட் பல இவ்விடைவழியைப் பற்றியனவே என்பதை அவ்வாழ்க்கையை அறிந்தோர் அறிவர்.

இணையச் செயலியிலும் இரு இடங்கள் உள. ஒன்று, பயன்படுத்துவோரின் கையிலுள்ள கைத்தொலைபேசி அல்லது கணினி. அதில் உலாவி இயங்குகின்றது. மேலோடி என்றும் அதனை வழங்குவர். உலாவியினுள்ளே இயங்கும் நிரல் பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அமைந்தது. இதனைப் பயனர்பக்க நிரல் என்போம். மற்றையது சேவையகம், அதாவது சர்வர். அது கொழும்பில் இருக்கலாம், சிங்கப்பூரிலும் இருக்கலாம். அங்கு இயங்கும் நிரல் பிஎச்பி, ஜாவா, சீ ஷார்ப், பைதன் என எம்மொழியிலும் அமையலாம். தரவுக் களஞ்சியம், அதாவது நமது செக்ரோல், இச்சேவையக நிரலின் பொறுப்பிலேயே இருக்கும். முன்னதை மடுவமென்றும் பின்னதைக் கந்தோரென்றும் கொண்டால் வரப்போகும் செய்திகள் எளிதில் விளங்கும்.

தொடக்க மாணவர் பலரிடம் காணப்படும் தவறான எண்ணமொன்றை முதலில் நோக்குவோம். பிஎச்பி போன்ற மொழிகளில், சேவையக நிரலும் பயனர்பக்க நிரலும் ஒரே கோப்பினுள் அருகருகே எழுதப்படுகின்றன. பொத்தானை அழுத்தும்போது நடைபெறவேண்டியதை ஜாவாஸ்கிரிப்டில் எழுதும் மாணவர், அதன் நடுவே சேவையகத்தின் கட்டளையொன்றைச் செருகிவிட்டு, பொத்தானை அழுத்தியவுடன் அக்கட்டளை நிறைவேறுமென எதிர்பார்க்கின்றார். அது நிறைவேறுவதில்லை. இன்னும் விந்தையாக, பொத்தானை எவரும் அழுத்துமுன்னரே, பக்கம் திறக்கப்பட்ட கணத்திலேயே அது நிறைவேறிவிடுவதும் உண்டு. காரணம் இதுவாகும்: சேவையக நிரல் பக்கத்தை ஆக்கும்போதே தன் வேலையை முடித்துக்கொள்கின்றது. உலாவிக்கு வந்து சேர்வது அதன் விளைவான வெறும் எழுத்துத் தொகுதியே. கந்தோரில் எழுதி முடித்த கடிதமொன்று மலைக்கு வருகின்றது. மலையில் நின்று அதனைப் படிப்பவர் அக்கடிதத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டால் கந்தோருக்கு அது கேட்பதில்லை. விடை வேண்டுமாயின் அவர் மறுகடிதம் எழுதி அனுப்புதல் வேண்டும். கோப்பில் அருகருகே இருப்பன நிறைவேறுவதில் காலத்தாலும் இடத்தாலும் வேறுபட்டவை என்னும் இவ்வொரு செய்தி விளங்கிவிட்டால், மாணவரின் குழப்பத்திற் பெரும்பகுதி தீர்ந்துவிடுகின்றது.

அம்மறுகடிதம் அனுப்பும் வழிகள் காலந்தோறும் மாறிவந்துள்ளன. 1993இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என்சிஎஸ்ஏ நிலையம் வகுத்த சிஜிஐ முறை, உலாவியில் நிரப்பப்பட்ட படிவத்தைச் சேவையக நிரலொன்றிடம் ஒப்படைக்க வழிசெய்தது. படிவம் அனுப்பியவுடன் பழைய பக்கம் மறைந்து புதிய பக்கம் முழுமையாக வரும். 1995இல் நெற்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கியபோதும், அம்மொழி படிவத்தைச் சரிபார்ப்பது போன்ற சிறு பணிகளுக்கே பயன்பட்டது. பக்கத்தை மாற்றாமலே சேவையகத்துடன் பேசும் வழி 1999இல் மைக்ரோசொப்ட்டின் இன்ரர்நெற் எக்ஸ்புளோரர் ஐந்தாம் பதிப்புடன் வந்தது. மின்னஞ்சலை உலாவியில் காட்டும் தேவைக்காக அந்நிறுவனத்தார் அமைத்த கருவி அது. எக்ஸ்எம்எல்எச்ரீரீபீ ரிக்குவெஸ்ட் என்னும் அதன் நீண்ட பெயரைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. எக்ஸ்எம்எல் அல்லாத தரவையும் அது எடுத்துச்செல்லும். சில ஆண்டுகள் பெரிதும் கவனிக்கப்படாதிருந்த இவ்வசதியை 2004இல் கூகிளின் ஜீமெயிலும் 2005இல் அதன் வரைபடமும் உலகறியச் செய்தன. 2005 பெப்ரவரியில் ஜெசி ஜேம்ஸ் காரெற் என்பார் இம்முறைக்கு அஜாக்ஸ் எனப் பெயரிட்டார். 2015 முதல் முதன்மை உலாவிகளில் இடம்பெறத் தொடங்கிய ஃபெட்ச் என்னும் கட்டளை இன்று அதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துள்ளது. கருவிகள் மாறினும் நடைபெறுவது ஒன்றே: கோரிக்கையொன்று எழுத்து வடிவில் செல்கின்றது, மறுமொழியொன்று எழுத்து வடிவில் திரும்புகின்றது.

இனி எடுத்துக்காட்டுக்கு வருவோம். இலங்கைத் தோட்டங்கள் சிலவற்றில் அண்மைக் காலத்தில் மின்தராசுகள் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. அத்தகைய தராசின் எடையைக் கணக்கப்பிள்ளையின் கைத்தொலைபேசியிலிருந்து கந்தோரின் சேவையகத்துக்கு அனுப்பும் செயலியொன்றை மாணவரொருவர் அமைப்பதாகக் கொள்வோம். தொழிலாளியின் பதிவெண், எடை, நேரம் ஆகியவற்றை நிரல் ஒரு சிறு பொட்டலமாகக் கட்டுகின்றது. இதற்கு இன்று பெரிதும் பயன்படுவது ஜேசன் என்னும் வடிவம். பொட்டலம் சேவையகத்தின் குறித்த முகவரிக்கு அனுப்பப்படுகின்றது. அம்முகவரியில் காத்திருக்கும் சேவையக நிரல் அதனைப் பிரித்துப் பார்த்து, பதிந்து, பதிந்ததற்கான மறுமொழியை அனுப்புகின்றது.

இவ்விடத்து மாணவர் தடுமாறும் இரண்டாவது இடர் தோன்றுகின்றது. அழைப்பை விடுத்த நிரல் மறுமொழிக்காகக் காத்து நிற்பதில்லை. அடுத்த வரிக்குச் சென்றுவிடுகின்றது. அவ்வடுத்த வரியில் மறுமொழியிலுள்ள மொத்த எடையைத் திரையில் இடும் கட்டளை இருப்பின், மறுமொழி இன்னும் வராமையால் திரை வெறுமையாகவே தோன்றும். உலாவி இவ்வாறு அமைந்ததற்குத் தக்க காரணம் உண்டு. மறுமொழி வரும்வரை நிரல் நின்றுவிடுமாயின் திரை முழுவதும் உறைந்துவிடும். அடுத்த கூடையை நிறுக்க முடியாது. கணக்கப்பிள்ளை கந்தோருக்கு ஆள் அனுப்பிவிட்டு, அவர் திரும்பும்வரை தராசை நிறுத்திவைப்பதில்லை அல்லவா? ஆதலின் மறுமொழி வந்தபின் செய்யவேண்டியதைத் தனியே எழுதிவைத்தல் வேண்டும். 2015ஆம் ஆண்டின் ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் வந்த பிராமிஸ் என்னும் வாக்குறுதிப் பொருளும், 2017இல் வந்த அசிங்க், அவெயிற் என்னும் சொற்களும் இதனை நேர்வரிசையாக எழுத உதவுகின்றன. எழுதும் முறை நேர்வரிசையாகத் தோன்றினும் இடையில் காலம் கழிகின்றது என்பதை மட்டும் மறத்தலாகாது.

மறுமொழி தாமதமாக வருவது சிறு தொல்லை. வராமலே போவதே பெருந்தொல்லை. சப்ரகமுவ மலைச்சரிவுகளில் தொலைபேசிச் சமிக்ஞை ஒரு வளைவில் கிடைத்து மறுவளைவில் அற்றுப்போவது அங்கு வாழ்வோர்க்குப் புதிய செய்தியன்று. கணக்கப்பிள்ளை 18 கிலோ என அனுப்புகின்றார், மறுமொழி வரவில்லை. என்ன நிகழ்ந்திருக்கும்? கோரிக்கை வழியிலேயே தொலைந்திருக்கலாம். கோரிக்கை சென்றடைந்தும் சேவையகம் பதியுமுன் செயலிழந்திருக்கலாம். எடை செவ்வனே பதிந்தபின் மறுமொழி மட்டும் திரும்பும் வழியில் தொலைந்திருக்கலாம். மூன்றும் மடுவத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒரேபோலத் தோன்றும். எதுவென அறிய அவருக்கு வழியில்லை. மீண்டும் அனுப்பாவிடின், முன்னைய இரு நிலைகளிலும் தொழிலாளியின் 18 கிலோ இழக்கப்படும். மீண்டும் அனுப்பினால், மூன்றாம் நிலையில் 36 கிலோ ஏறிவிடும். மிகையாக ஏறியது தொழிலாளிக்கு நன்மையே என எண்ணுதல் வேண்டா. மாத இறுதியில் தொழிற்சாலை எடையோடு ஒத்துப்பார்க்கும்போது பிழை வெளிப்பட்டு, கழிக்கும் வேளையில் உரியதும் சேர்த்துக் கழிக்கப்படும் இடர் உண்டு.

தொலைவிலுள்ள நிரலை அருகிலுள்ளதைப் போலவே அழைக்கச் செய்யலாமென்னும் கருத்துக்குச் செயல்வடிவம் தந்த புகழ்பெற்ற ஆய்வுரையை 1984இல் ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் ஆகிய இருவரும் வெளியிட்டனர். சேய்மை நிரல் அழைப்பு எனத் தமிழிற் கூறத்தக்க அம்முறை கணினியியலில் பெருஞ்செல்வாக்குப் பெற்றது. பத்தாண்டுகள் கழித்து, 1994இல், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜிம் வால்டோவும் உடனாய்வாளரும் எழுதிய ஆய்வுரை, அருகிலுள்ள பொருளையும் சேய்மையிலுள்ள பொருளையும் ஒன்றெனக் காட்டும் முயற்சி அடிப்படையிலேயே தவறானதென வாதிட்டது. தாமதம் ஒருபுறமிருக்க, ஒருபாதி இயங்கி மறுபாதி செயலிழக்கும் நிலை அருகிலுள்ள நிரலுக்கு இல்லை. சேய்மை அழைப்புக்கு அது எப்போதும் உண்டு என்பது அவர்தம் வாதத்தின் முக்கிய கூறாகும். மேலே நாம் கண்ட 18 கிலோவின் கதை இதற்குத் தக்க சான்று.

இதற்குத் தீர்வு உண்டு, அது கடினமானதுமன்று. ஒவ்வொரு நிறுவைக்கும் மடுவத்திலேயே ஒரு தனியெண் இடப்படுதல் வேண்டும். தராசில் கூடை ஏறியபோதே கைத்தொலைபேசி அவ்வெண்ணை உண்டாக்கி, எடையோடு தன்னுள் சேமித்துக்கொள்ளும். எத்தனை முறை அனுப்பினும் அந்நிறுவைக்கு அதே எண்ணே செல்லும். சேவையகம் அவ்வெண்ணை ஏற்கெனவே கண்டிருப்பின் மீண்டும் பதியாது, முன்பு தந்த மறுமொழியையே திரும்பத் தரும். இவ்வாறமைந்தால் மறுமொழி கிடைக்கும்வரை தயக்கமின்றித் திரும்பத் திரும்ப அனுப்பலாம். மறுமொழி வந்தபின்னரே கைத்தொலைபேசியின் சேமிப்பிலிருந்து அதனை நீக்குதல் வேண்டும். நிறுத்த நேரமும் சேவையகத்துக்கு வந்துசேர்ந்த நேரமும் தனித்தனியே பதியப்படுவதும் இன்றியமையாதது. மாலை நான்கு மணிக்கு நிறுத்த கொழுந்து, சமிக்ஞை கிடைத்து மறுநாட் காலை வந்து சேருமாயின், அது எந்நாட் கணக்கில் ஏறவேண்டுமென்பதில் ஐயம் எழலாகாது.

கேட்பதும் மாற்றுவதும் வெவ்வேறு என்பதையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். இணைய நெறிமுறையில் கெட் என்பது கேட்பதற்கு. போஸ்ட் முதலியன மாற்றுவதற்கு. பொத்தானுக்குப் பதிலாக ஒரு வெறும் இணைப்பின் மூலம் பதிவை நீக்கும் வகையில் செயலி அமைப்போர் முன்னர் இருந்தனர். 2005இல் கூகிள் வெளியிட்ட வெப் அக்சிலரேற்றர் என்னும் கருவி, பயனர் அழுத்தக்கூடும் என எண்ணிப் பக்கத்திலுள்ள இணைப்புகளை முன்கூட்டியே திறந்து பார்த்தது. அவற்றுள் நீக்கும் இணைப்புகளும் இருந்தமையால் சிலரது தரவுகள் அழிந்தன.

இனி, இக்கட்டுரையின் நடுநாயகமாக நாம் கருதும் வினாவுக்கு வருவோம். கணக்கை எங்கே செய்வது? எடையைக் கொண்டு பணத்தைக் கணிக்கும் சூத்திரத்தைப் பயனர்பக்க நிரலில் எழுதினால் விடை உடனே திரையில் தோன்றும். சேவையகத்தை அழைக்கவும் வேண்டா. மாணவர் பலர் இவ்வழியை விரும்புவதற்கு இதுவே காரணம். ஆயின் பயனரின் கையிலுள்ள நிரல் பயனரால் படிக்கத்தக்கது, மாற்றத்தக்கது. உலாவியோடு வரும் கருவிகளைக் கொண்டே, அனுப்பப்படும் பொட்டலத்தின் எண்களைத் திருத்தி அனுப்ப இயலும். உலாவியே இன்றியும் அனுப்ப இயலும். ஆகவே சம்பளத் தொகையைக் கணித்து அனுப்பும் பயனர்பக்க நிரலை நம்பி, அத்தொகையை அப்படியே பதியும் சேவையகம், செக்ரோலைப் பெரட்டுக்களத்தில் திறந்துவைத்த கந்தோருக்கு ஒப்பாகும். மாற்றுபவர் தொழிலாளி என்பது நம் கருத்தன்று. கைத்தொலைபேசி எவர் கையில் இருக்கின்றதோ அவர் மாற்றலாம். அது பெரும்பாலும் தொழிலாளியின் கையில் இருப்பதில்லை.

நேர்மையீனம் எதுவுமின்றியும் இடர் விளையும். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1000 ரூபாவென வர்த்தமானியில் வெளியாயிற்று. 2024 மே மாதத் தொடக்கத்தில் அது 1700 ரூபாவென அறிவிக்கப்பட்டது. யூலையில் உயர் நீதிமன்றம் அவ்வறிவித்தலுக்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1350 ரூபாவெனப் புதிய வர்த்தமானி வந்தது. ஓராண்டுக்குள் இவ்வாறு ஏறியும் நின்றும் மாறிய தொகை, பயனர்பக்க நிரலினுள் எழுதப்பட்டிருப்பதாகக் கொள்க. உலாவிகள் விரைவுக்காகப் பழைய பக்கத்தையும் பழைய நிரலையும் சேமித்துவைக்கும் இயல்புடையவை. இறக்குவானையில் ஒரு கைத்தொலைபேசி பழைய தொகையிலும், பலாங்கொடையில் ஒன்று புதிய தொகையிலும் கணக்கிடும். தொகையும் அது நடைமுறைக்கு வந்த நாளும் சேவையகத்தில் ஓரிடத்தில் இருப்பின், நீதிமன்றத் தடையைக்கூட ஒரு வரியால் பின்பற்றலாம்.

இதினும் நுண்ணியது கழிவு பற்றிய செய்தி. கொழுந்தை நிறுக்கும்போது சாக்கின் எடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் ஒரு பகுதியைக் கழிக்கும் வழக்கம் உண்டு. அது நெடுங்காலப் பிணக்குக்குரியது. செயலியில் அக்கழிவு எங்கே நிகழவேண்டும்? கைத்தொலைபேசியிலேயே கழித்து மிச்சத்தை மட்டும் அனுப்பினால், தராசு காட்டிய முழு எடைக்கு எங்கும் சான்றில்லாது போகும். பின்னர் எவர் முறையிட்டாலும் காட்டுவதற்கு ஒன்றுமிராது. முழு எடையே செல்லவேண்டும். கழிவைச் சேவையகம் காரணத்தோடு பதிந்து, முழு எடை, கழிவு, மிச்சம் ஆகிய மூன்றையும் மறுமொழியில் திருப்பித் தரவேண்டும் என்பது நமது உறுதியான கருத்து.

இறப்பர்த் தோட்டங்களிலும் இதே நிலை. பால் வெட்டுவோர் கொண்டுவரும் பாலின் அளவு மட்டும் கூலியைத் தீர்மானிப்பதில்லை. அதனுள் எவ்வளவு உலர் இறப்பர் உண்டென்பதை மெட்ரொலாக் என்னும் மிதப்பளவியால் அறிவர். பாலின் கனவளவையும் மெட்ரொலாக்கின் அளவீட்டையும் பெருக்கியே உலர் எடை பெறப்படுகின்றது. பயனர்பக்க நிரல் பெருக்கித் தொகையை மட்டும் அனுப்புமாயின், மெட்ரொலாக்கை வாசித்ததில் தவறா, பாலை அளந்ததில் தவறா, பெருக்கியதில் தவறா என்பதைப் பின்னர் எவராலும் பிரித்தறிய முடியாது. கருவி காட்டியவை கந்தோருக்குச் செல்க. பெருக்கல் கந்தோரில் நிகழ்க. திரையில் உடனடி மதிப்பீடொன்று காட்டவேண்டுமாயின் காட்டலாம். அது மதிப்பீடு என்பது தெளிவாக எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

அழைப்பவர் யாரென்பதும் இவ்வாறே நோக்கத்தக்கது. பதிவெண் 214 உடைய தொழிலாளி தம் மாதக் கணக்கைப் பார்க்கக் கேட்கின்றார்; பொட்டலத்தில் 214 என்னும் எண் செல்கின்றது. அதனை 215 என மாற்றியனுப்பினால் அயல் லயத்தாரின் சம்பளமும் கடனும் திரையில் தோன்றுமாயின், அச்செயலி பயன்படுத்தத் தக்கதன்று. எந்த எண் கேட்கப்பட்டது என்பதோடு, கேட்பவர் அதனைக் காணும் உரிமையுடையவரா என்பதையும் ஒவ்வோர் அழைப்பிலும் சேவையகமே ஆராய்தல் வேண்டும். பொத்தானை மறைத்துவைப்பது பாதுகாப்பாகாது. வேறு முகவரியிலுள்ள சேவையகத்தின் மறுமொழியை உலாவி தர மறுப்பதைக் கண்டு, தம் சேவையகம் காக்கப்படுகின்றதென மகிழும் மாணவரும் உளர். ஒரே மூலம் என்னும் அவ்விதி உலாவியைப் பயன்படுத்துவோரைக் காப்பது. உலாவியைப் பயன்படுத்தாது அழைப்பவரை அது கட்டுப்படுத்தாது.

அழைப்பின் இவ்வியல்புகளையெல்லாம் மறைத்து, சேவையக நிரலை அருகிலுள்ளது போலவே எழுதவிடும் கருவிகள் பல வந்துள்ளன. 2007இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட ஏஎஸ்பி டொட் நெற் அஜாக்ஸ், சேவையகத்தில் எழுதிய முறையொன்றின்மேல் ஒரு குறியீடு இட்டுவிட்டால், அதே பெயருடைய முறையை உலாவியில் தானே உண்டாக்கித் தந்தது. 2023இல் நெக்ஸ்ட் டொட் ஜேஎஸ் கொண்டுவந்த சேவையகச் செயல்கள் என்னும் வசதி இன்னும் ஒருபடி மேற்சென்றது: பயனர்பக்கக் கோப்பிலிருந்து சேவையகச் செயலை நேரே பெயர் சொல்லி அழைக்கலாம், முகவரி, பொட்டலம் எதுவும் கண்ணிற் படுவதில்லை. எழுதுவோர்க்கு இது பேருதவி என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கண்ணிற் படாத வாயிலும் வாயிலே. 2025 டிசெம்பர் 3ஆம் நாள், ரியாக்ட் என்னும் நிரற்றொகுதியின் சேவையகப் பகுதியில் கண்டறியப்பட்ட குறைபாடொன்று அறிவிக்கப்பட்டது. உலாவியிலிருந்து வரும் பொட்டலத்தைப் பிரிக்கும் முறையில் இருந்த பிழையால், உள்நுழைவு எதுவுமின்றியே அயலார் ஒருவர் சேவையகத்தில் தாம் விரும்பிய நிரலை இயக்க முடிந்தது. தீவிரத்தை அளக்கும் பத்துப் புள்ளி அளவையில் அதற்குப் பத்தும் வழங்கப்பட்டன. நெக்ஸ்ட் டொட் ஜேஎஸ் உள்ளிட்டவையும் அதனாற் பாதிப்புற்றன. அக்கருவிகளைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. அவற்றின் கீழே கோரிக்கையும் மறுமொழியும் எவ்வாறு செல்கின்றன என்பதை ஒருமுறையேனும் கையால் எழுதிப் பார்த்த பின்னரே மாணவர் அவற்றை நாடவேண்டும் என்பதே நமது பரிந்துரை.

தமிழில் எழுதுவோர்க்கெனச் சிறப்பாக உரிய இடரொன்று எஞ்சியுள்ளது. பிறப்புப் பதிவிலும் அடையாள அட்டையிலும் பெயர் பிழைபட எழுதப்பட்டமையால் தோட்ட மக்கள் பட்ட அலைச்சல் சிறிதன்று. அவ்வலைச்சலைக் கணினியும் தொடரலாகாது. பொன்னம்மா என்னும் பெயர் நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து. யூனிக்கோட் முறையில் அது ஒன்பது குறியீடுகள். யூரீஎப் எட்டு என்னும் வடிவில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டாக 27 பைட்டுகள். பெயருக்கு 20 பைட்டுகளே ஒதுக்கிய சேவையகம் அதனை இடையில் முறித்துவிடும். இன்னுமொன்று: பொ என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம்; எகரக் கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கோ இரண்டும் வேறு. கைத்தொலைபேசி ஒருவிதமாக அனுப்ப, களஞ்சியத்தில் மற்றைய விதமாக இருப்பின், அப்பெயரில் எவருமில்லை என்னும் மறுமொழியே வரும். யூனிக்கோட் தரம் வகுத்துள்ள இயல்பாக்கல் முறையைச் சேவையகம் பதியும்போதும் தேடும்போதும் கையாண்டால் இவ்விடர் நீங்கும். கௌரி என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் தட்டச்சிடுவோர் செய்யும் பிழை இயல்பாக்கலாலும் நீங்காது. அதற்குத் தனிச் சோதனை எழுதவேண்டும். இலங்கையில் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பெயர்கள் சேவையகத்தை அடையும்போது வெறும் உரோமன் எழுத்துக் குவியலாகவே இருக்கும். பழைய பட்டியல்களிலிருந்து பெயர்களை ஏற்றுவோர் அவற்றை முதலில் யூனிக்கோட்டுக்கு மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

மறுமொழியின் மொழி பற்றியும் ஒரு சொல். சேவையகம் பிழையை எண்ணாற் குறிப்பது மரபு: 404 என்றால் கேட்டது இல்லை, 403 என்றால் உரிமை இல்லை, 500 என்றால் சேவையகத்திலேயே கோளாறு. இவ்வெண்களை அப்படியே திரையிலிடும் செயலிகள் பல. மடுவத்தில் நிற்பவருக்கு 500 என்னும் எண் எதனையும் உணர்த்தாது. ஐந்நூறு கிராம் எனக் கொள்ளவும் கூடும். "எடை கந்தோருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, கைத்தொலைபேசியில் பத்திரமாக உள்ளது" என்று தமிழில் ஒரு வரி எழுதுவதற்குச் சில நிமிடங்களே செல்லும். போய்ச் சேர்ந்தபின், நிறுவையின் தனியெண், முழு எடை, கழிவு, மிச்சம், நேரம் ஆகியன அச்சிட்ட சிறு துண்டொன்று தொழிலாளியின் கையிற் கிடைக்குமாறு செய்யலாம். கொழுந்து நிறுக்கும் வரிசையில் மழைக்கு நனைந்தபடி நிற்போர்க்கு அத்துண்டு எளிதில் நனைந்து அழியுமாதலின், அதே விவரத்தைக் குறுஞ்செய்தியாகவும் அனுப்புதல் நன்று.